தேவசகாயம் மாமா வெட்டிய இரண்டாவது கதவு

செய்தி வந்தபோது நான் வகுப்புக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். கணக்கு வாத்தியாரின் சாக்பீஸ் பெட்டியில் முறுக்குத் துண்டுகள் இருந்ததற்கான தண்டனை அது. தூரத்தில் நைனா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவதைப் பார்த்ததும், என் முறுக்குச் செய்தி வீட்டுக்குப் போய்விட்டது என்று நினைத்தேன். வேறொரு செய்தி வீட்டிலிருந்து வந்திருந்தது.

“மாமா போய்ட்டாரும்மே” என்றார் நைனா.

“எந்த ஊருக்கு?” என்று கேட்டுவிட்டேன். வருஷம் முழுக்க வண்டியிலேயே குடியிருந்தவரைப் பற்றி வேறு எப்படிக் கேட்பது? நைனா சைக்கிளின் மணியைத் துடைத்தார். அப்போதுதான் புரிந்தது. திருப்பதியில், காலையில் காப்பி குடித்துவிட்டு அப்படியே சாய்ந்தாராம். அங்கிருந்து வந்த ரயிலில் ஒரு பூக்கடைக்காரர் எங்கள் ஊர் பாகாலாவில் இறங்கி, வீடு தேடி வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

அவர் நினைவுக்காக இங்கே கூடியிருக்கும் நம் சபையில் தேவசகாயம் மாமாவைத் தெரியாதவர் இல்லை. உங்களில் பலர் அவரிடம் பாடப் புத்தகமும் வேதாகமமும் காலண்டரும் வாங்கியவர்கள். வாங்காமல் புரட்டிப் பார்த்துவிட்டுப் போனவர்கள் அதைவிட அதிகம். பழைய மிலிட்டரி வண்டி ஒன்றின் மேல் மரத்தால் ஒரு அறையைக் கட்டி, இடது சுவர் முழுக்கத் தமிழ்ப் புத்தகம், வலது சுவர் முழுக்கத் தெலுங்குப் புத்தகம், நடுவில் தானும் கிருபை அத்தையும் என்று குடித்தனம் நடத்தியவர். பின்கதவைத் திறந்தால் கடை, மூடினால் வீடு. “தேவன் சகாயம் பண்ணாலும் பின்னால ரெண்டு பேர் தள்ளினாத்தான் கெளம்பும், அதான் என் பேருக்கு அர்த்தம்” என்று ஊர் ஊராகச் சொல்லிச் சிரிப்பார். அது முதலில் நான் சொன்ன கிண்டல். என்னிடம் கேட்காமலே எடுத்துக்கொண்டுவிட்டார்.

ஆந்திரா தனியாகப் பிரிந்ததிலிருந்து எந்த ஊர் எந்தப் பக்கம் என்று பேசாத டீக்கடை நம் ஜில்லாவில் இல்லையே. நகரிப் பக்கம் போனாலும் சத்தியவேட்டுப் பக்கம் போனாலும் மாமாவைப் பிடித்துக்கொள்வார்கள்.

“தமிழ் புக்கும் வெச்சிக்கினு கீறே, தெலுங்கு புக்கும் வெச்சிக்கினு கீறே. நீ எந்தப் பக்கம்யா?”

“என் வூட்டுக்கே சக்கரம் கீது. எல்லைக் கோட்ட எங்க வேணா போடு, நான் தாண்டிக்கினு போறேன். எடுத்த புஸ்தகத்த மொதல்ல எடத்துல வையி.”

ஓரிடத்தில் தங்குவதென்றால் அவருக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. தாழ்ந்த தரையில் நிறுத்த மாட்டார், மழை வந்தால் தண்ணீர் தேடி வரும் என்பார். மத்தியான வெயிலுக்கு எந்த மரத்தின் நிழல் எங்கே விழும் என்று காலையிலேயே நின்று பார்ப்பார். வண்டி சமமாக நிற்கிறதா என்று தெரிய, உள்ளே தரையில் ஒரு தட்டை வைத்துத் தண்ணீர் ஊற்றுவார். தண்ணீர் ஒரு பக்கம் ஒதுங்கினால் அந்தப் பக்கச் சக்கரத்தின் அடியில் பலகைக் கல் வைத்து ஏற்றுவார். “தட்டுல தண்ணி தூங்கினா நாமளும் தூங்கலாம்” என்பது அவர் வாக்கு. ஒருமுறை அவர் கல் தேடப் போன நேரத்தில் தட்டின் அடியில் ஒரு புளியங்கொட்டையைச் செருகி வைத்தேன். பொழுது சாயும்வரை மனிதர் கல்லை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார். கண்டுபிடித்த பிறகும் திட்டவில்லை. மறுநாள் என் சோற்றுத் தட்டின் அடியில் அதே புளியங்கொட்டை. ரசம் முழுவதும் என் மடியில்.

இவ்வளவு பார்த்தவர் ஒன்றை மட்டும் பார்க்கவில்லை. அதனால்தான் போன வருஷம் கிருபை அத்தை பாகாலாவில் எங்கள் வீட்டு வாசலில் பெட்டியோடு இறங்கினார். அத்தை என் நைனாவின் தங்கை.

“இனிமே அந்த வண்டியில ஏற மாட்டேண்ணா” என்றார். ஏன் என்று நைனா கேட்டதற்கு, “ஏற மாட்டேன்னா ஏற மாட்டேன்” என்பதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

மாமா எங்கள் வீட்டுக்குப் பின்னால், களத்து மேட்டில் வண்டியை நிறுத்தினார். நைனாவிடம், “மச்சான், அவ வரலைன்னா வண்டிய வித்துட்றேன். எதுனா ஒரு கடையில கணக்கு எழுதிக்கினு உக்காந்துக்கிறேன். அவ இல்லாம எனக்கு அது தகரம்தான்” என்றார். சிரிக்காமல் சொன்னார். மாமா சிரிக்காமல் பேசி நான் பார்த்தது அன்றுதான்.

மறுநாளிலிருந்து அத்தையை அழைக்கும் வைபவம் தொடங்கியது. சித்தூர் போய்ப் பூப்போட்ட திரைச்சீலை வாங்கி வந்து மாட்டினார். அத்தை எட்டிப் பார்க்கவில்லை. ஸ்பிரிங் கட்டில் வந்தது. ஆளுயரக் கண்ணாடி வந்தது. வாசலில் படுதாப் பந்தல், அதன் கீழே மடக்கு நாற்காலி, நாற்காலிக்குப் பக்கத்தில் ரோஜாத் தொட்டி. கட்டில் போட்ட பிறகு உள்ளே நடக்க இடமில்லாமல் மாமா கட்டில் மேல் ஏறித்தான் தெலுங்குப் பக்கம் போய்வந்தார். ஒருநாள் துணி உலர்த்த வந்த அத்தை தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு, “புஸ்தகக் கடை போயி பாத்திரக் கடை மாதிரி ஆயிடுச்சி” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். கிருபை இல்லாத வண்டி என்று நான் சொன்னதற்கு நைனா என் தலையில் ஒரு குட்டு வைத்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு அட்டையில் சாக்பீஸால், ‘மாப்பிள்ளை விடுதி. எல்லா வசதியும் உண்டு. பெண் மட்டும் இல்லை’ என்று எழுதி வண்டியின் பின்கதவில் தொங்கவிட்டேன். மாமா பார்த்தார். கிழிக்கவில்லை. என் கையிலிருந்த சாக்பீஸை வாங்கி அதன் கீழே, ‘பெண் எதிரே கொல்லையில் துணி உலர்த்துகிறாள். தயவுசெய்து யாராவது சொல்லவும்’ என்று எழுதினார்.

அத்தை வாளியோடு வந்து அதைப் படித்தார். சிரித்துவிட்டார். வாளியைக் கீழே வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மாமா அந்தச் சிரிப்பு அடங்கும்வரை நின்றார்.

“சிரிச்சது போதும் கிருபே. எல்லாந்தான் வாங்கி வெச்சிக்கீறேன். இன்னா கொறைச்சல், அத்தச் சொல்லேன்.”

“வாங்கி வெக்கறதுக்கு முன்னாடி இத்தக் கேட்டீங்களா?”

“இப்ப கேக்கறேனே.”

அத்தை வண்டிப் படியில் உட்கார்ந்தார். எங்கள் இருவரையும் பார்க்காமல், களத்தைப் பார்த்துப் பேசினார்.

“கதவு ஒண்ணுதான். அது எப்பவும் சந்தையப் பாத்துக் கீது. வியாபாரம் ஆவணும்னு சாவடிக்கு எதிர்லயே நிறுத்தறீங்க. நான் தலை வாரினாலும் ஊரு பாக்குது, படுத்தாலும் ஊரு பாக்குது. விடியறதுக்கு முன்னாடி எழுந்து, ஊர் பேர் தெரியாத ஏரியில பயந்துக்கினே ரெண்டு சொம்பு ஊத்திக்கினு ஓடியாறேன். மத்ததுக்கு இருட்டற வரைக்கும் காத்திருக்கணும். தண்ணி குடிக்கவே பயமா கீது. கண்ணாடி வாங்கிக் குடுத்தீங்க. அதுல எப்பங்க பாக்கறது?”

மாமா கட்டிலையும் கண்ணாடியையும் ரோஜாத் தொட்டியையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

மறுநாள் காலையில் எல்லாம் இறங்கின. கட்டில் நைனாவுக்கு, கண்ணாடி எனக்கு, ரோஜாத் தொட்டி சபையில் மணியடிக்கும் கோயில்குட்டியாருக்கு. திரைச்சீலையும் பந்தலும் மட்டும் இருந்தன. பிறகு மாமா ரம்பத்தை எடுத்து வண்டியின் பக்கச் சுவரில் ஒரு கதவு வெட்ட நின்றார். நின்றவர் நின்றபடியே இருந்தார். இடது சுவரில் வெட்டினால் தமிழுக்கு இடம் போகும், வலது சுவரில் வெட்டினால் தெலுங்குக்கு. ஜில்லா முழுக்க எல்லைக்கு அடித்துக்கொண்டிருக்கிற நேரத்தில், எல்லையே இல்லாமல் திரிந்த மனிதருக்கு வண்டிக்குள்ளேயே எல்லைத் தகராறு.

“மாமா, கமிஷன் வெச்சிடலாமா?” என்றேன்.

“சும்மா இரும்மே. எந்தப் பக்கத்தக் கொறைச்சாலும் எவனாவது கேப்பான்.”

அத்தைதான் வந்து தீர்த்தார். “ரெண்டையும் ஒரே பக்கம் கலந்து வையுங்க. வேணுங்கறவன் தேடி எடுத்துக்கட்டும்.”

இடது சுவரில் கதவு வந்தது. வீதிக்கு முதுகு காட்டிய, வயலைப் பார்த்த, அத்தை குனியாமல் போகும் உயரமுள்ள கதவு. அதை ஒட்டி, ஊருக்கு ஊர் கழற்றி மாட்டும்படி, நான்கு மூங்கில் நட்டுச் சாக்கை இரட்டையாகத் தைத்துச் சுற்றிக் கட்டினோம். உள்ளே ஒரு துவைகல். தண்ணீர் தேங்காமல் சரிவில் ஓட ஒரு வாய்க்கால். சற்றுத் தள்ளி, காற்று போகிற திசையில், அதேபோல இன்னொரு மறைப்பு. மாமா கல்லின் மேல் உட்கார்ந்து பார்த்தார். எழுந்து நின்று, சாலையிலிருந்து தலை தெரிகிறதா என்று என்னை ஓடிப்போய்ப் பார்க்கச் சொன்னார். “வழுக்கை தெரியுது மாமா” என்று கத்தினேன். சாக்கை இன்னும் ஒரு முழம் ஏற்றினார். பந்தலின் கீழே நாற்காலி இருந்த இடத்தில் ஒரு பாய். ஸ்டவ்வுக்குக் காற்றடிக்காமல் ஒரு தகரத் தடுப்பு. அவ்வளவுதான்.

அத்தை மத்தியானத்தில் குளித்தார். நல்ல வெயில். வெந்நீர், சீயக்காய், அவசரமே இல்லை. உள்ளேயிருந்து ஞானப்பாட்டு ஒன்று முதல் சரணத்திலிருந்து கடைசிச் சரணம்வரை வந்தது, முடிந்ததும் இன்னொன்று. மாமா வண்டியின் அந்தப் பக்கம், புத்தகங்களைக் கலந்து அடுக்கியபடி கேட்டுக்கொண்டிருந்தார். ஒரே புத்தகத்தை எடுத்த இடத்திலேயே திரும்பத் திரும்ப வைத்துக்கொண்டிருந்தார். ஈரத் தலையோடு வெளியே வந்த அத்தை பாயில் உட்கார்ந்து, முடியை வெயிலுக்கு விரித்துப் போட்டார்.

“பொட்டிய எடுத்துக்கினு வரச் சொல்லு உங்க நைனாவ” என்றார் என்னிடம்.

கோடை விடுமுறையில் அவர்களோடு திருப்பதிக்குப் போனேன். அடிவாரத்துக்குப் பக்கத்தில், கூட்டம் போகிற வழியில் அருமையான நிழல். மாமா வண்டியை நிறுத்தினார், இன்ஜினை நிறுத்தவில்லை. தலையை வெளியே நீட்டி, “கிருபே, இங்க சரியா கீதா?” என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தார். அத்தை இறங்கி, பின்பக்கம் போய், மறைவிடம் பார்த்து, கிணறு எங்கே என்று விசாரித்துவிட்டு, “வேணாங்க” என்றார். புத்தகம் கேட்டு வந்த இரண்டு பேர் பின்னால் ஓடிவர, வண்டி கிளம்பியது. அடுத்த இடத்திலும் அதே கேள்வி. அங்கேயும் வேண்டாம். பெட்ரோல் வீணாகுதே என்று நான் முணுமுணுத்ததற்கு மாமா சொன்னார்: “அணைச்சிட்டுக் கேட்டா அது கேள்வி இல்லம்மே.”

எனக்கென்று நான் மாமாவிடமிருந்து வைத்துக்கொண்டது இதைத்தான்: அவர் கேட்டதையும், கேட்ட பிறகு பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டு இருந்ததையும். முதலாவது எளிது. இரண்டாவது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்த உங்களுக்குத் தெரியும்.

பாகாலாவில் அடக்கம் முடிந்து, அத்தை எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது, ஒரு டிரைவர் திருப்பதியிலிருந்து வண்டியை ஓட்டிவந்தார். “களத்து ஓரமா வுட்டுடுப்பா” என்றார் நைனா. டிரைவர் சாவியில் கை வைத்தார்.

“அணைக்காதீங்கண்ணா” என்றேன்.

நைனா திரும்பிப் பார்த்தார். நான் விளையாடவில்லை என்பது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். நான் அத்தையிடம் போனேன்.

“அத்தே, இங்க சரியா கீதா?”

அத்தை வெகுநேரம் பேசவில்லை. நானும் பேசவில்லை. வண்டி உறுமிக்கொண்டு நின்றது. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, வண்டியைச் சுற்றி நடந்து, வயல் பக்கம் போய், அந்த இரண்டாவது கதவுக்கு நேரே நின்று பார்த்தார்.

“இன்னும் கொஞ்சம் முன்னாடி வரச் சொல்லு” என்றார்.