மல்லாட்டைக் களமும் ஸ்டெல்லாவின் வானமும்

நில எல்லை வழக்குகளிலேயே தலை நரைத்த திண்டிவனத்து வழக்கறிஞர்களாகிய நாங்கள், வீட்டுக்கு வீடு கேமரா வந்த பிறகுதான் பார்வைக்கும் எல்லைக்கல் நட வேண்டும் என்று அறிந்தோம். எதிர்வீட்டுக் கேமராவுக்கு அஞ்சி முந்தானையை இழுத்துவிட்டபடியே கோலம் போடும் வாசகியரே, இது உங்களுக்காக.

தகரம் போடலாமே

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் உரைத்ததற்கு மறு ஆண்டு, பெருமுக்கல் பக்கத்திலிருந்து ஸ்டெல்லா என் அலுவலகத்துக்கு வந்தாள். அங்கன்வாடி ஆசிரியை. பக்கத்து வீட்டுத் தண்டபாணி, களத்தில் காயும் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மூட்டை மூட்டையாகத் திருட்டுப் போவதால் மாடியில் கேமரா பொருத்தியிருந்தார். அதன் பார்வை களத்தைத் தாண்டி, ஸ்டெல்லாவின் தோட்டத்துக் குளியலறைக்குள்ளும் விழுந்தது. எங்கள் பக்கத்தில் அத்தகைய குளியலறைகளுக்கு நான்கு சுவர் உண்டு, கூரை கிடையாது. பத்து நாளாக அவள் விடியற்காலையில் மாற்றுப் புடவையுடன் அடுத்த தெருவிலுள்ள அக்காள் வீட்டுக்குப் போய்க் குளித்து வந்தாள்.

“மேலே ஒரு தகரம் போட்டால் தீர்ந்தது” என்றார் என் குமாஸ்தா.

ஸ்டெல்லா அவரை நிதானமாகப் பார்த்தாள். “அது தப்பாப் பாக்குது சார். நான் இன்னாத்துக்கு மூடிக்கினு உக்காரணும்? அதத் திருப்பச் சொல்லுங்க.”

அறிவிக்கை

வீட்டுக் கேமராவுக்கென்று தனிச் சட்டம் இல்லை. ஆனால் குளிக்கும் பெண்ணைப் படமெடுப்பது குற்றம் என்று விளக்கி, தண்டபாணிக்கு அனுப்ப ஒரு வக்கீல் அறிவிக்கையும் தயாரித்தேன். அதை அவள் முழுவதும் படித்தாள். பிறகு மடித்து என் மேசையிலேயே வைத்தாள்.

“அவரு அந்த மாதிரி ஆளு இல்ல மேடம். கேஸுன்னு போனா, இன்னா தெரிஞ்சிது, எவ்ளோ தெரிஞ்சிதுன்னு ஊரே கேக்கும். கஸ்தூரி அக்கா மூஞ்சிலயும் நான் முழிக்கணும். நீங்க ஒரு தபா நேர்ல வாங்க.”

கஸ்தூரி, தண்டபாணியின் மனைவி. மறுநாளே ஸ்டெல்லாவுடன் அவர்கள் வீட்டுக்குச் சென்றேன். தண்டபாணி நாற்காலி போட்டார், மோர் தந்தார், கேமராவை மட்டும் அசைக்க மறுத்தார்.

“நான் மல்லாட்டையத்தான் பாக்கறேன் மேடம். கூட வேற எது தெரிஞ்சாலும் என் கண்ணு அங்க போவாது.”

மாணிக்க மூக்குத்தி

நான் சட்டப் பிரிவைச் சொல்ல வாயெடுக்குமுன், ஸ்டெல்லா எழுந்தாள். “அக்கா, கொஞ்சம் எங்கூட வாங்க” என்று கஸ்தூரியை அழைத்துக்கொண்டு வெளியே போனாள். தண்டபாணியும் நானும் கூடத்துத் தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருந்தோம். கேமரா காண்பது அதில் ஓடியது; திரை நிறைய மல்லாட்டை. மேல் மூலையில் அந்த நான்கு சுவர்.

சற்று நேரத்தில் அச்சுவர்களுக்குள் கஸ்தூரி தோன்றினாள். நின்ற கோலத்திலேயே, முழு உடையோடு, நிமிர்ந்து கேமராவைப் பார்த்தாள். அவளுடைய மாணிக்க மூக்குத்திகூடத் தெளிவாகத் தெரிந்தது. தண்டபாணியின் கையிலிருந்த மோர் சிந்தியது. சன்னலுக்கு ஓடி, “அடியே கஸ்தூரி, ஜல்தி வெளிய வாடி!” என்று கத்தினார்.

சுவருக்கு அப்பாலிருந்து ஸ்டெல்லாவின் குரல் வந்தது: “ஏண்ணே பேஜாராவறீங்க? நீங்க மல்லாட்டையத்தானே பாக்கறீங்க?”

குரலில் ஏளனம் இருந்தது, பகை இல்லை. அவ்வளவு துல்லியமாக அளந்து பேசியவர்களை நான் நீதிமன்றத்தில் அதிகம் கண்டதில்லை.

திரும்பிய கேமரா

ஏணியைத் தூக்கிவந்து தண்டபாணியே கேமராவைத் திருப்பினார். பழைய பதிவுகளையும் அழிக்க வேண்டும் என்றேன். பொருத்தியவரை அன்றே வரவழைத்து, இரு பெண்களும் பார்த்திருக்க அழிக்கச் செய்தார். இப்போது களத்தின் கிழக்கு ஓரம் கேமராவுக்குத் தெரியாது. அந்த ஓரம் ஸ்டெல்லாவின் சமையலறைச் சன்னலுக்கு நேர் எதிரே இருந்தது.

“அத நான் பாத்துக்கறேன்ணே” என்றாள் அவள்.

தண்டபாணி ஏணியில் நின்றபடியே சொன்னார்: “நீ பாத்தா போதும்மா. கேமரா கத்தாது, நீ கத்துவே.”

அடுத்த அறுவடை

அடுத்த அறுவடையில் ஸ்டெல்லா ஒரு பை அவித்த மல்லாட்டையோடு வந்தாள், தண்டபாணி கொடுத்தனுப்பியதாம். குளிக்க இப்போதும் அக்காள் வீட்டுக்குத்தான் போகிறாயா என்று கேட்டேன்.

“எங்க வூட்லதான் மேடம். தண்ணி ஊத்திக்கினே அண்ணாந்து பாக்கறேன். வானம் மட்டுந்தான் இருக்குது.”

மல்லாட்டைத் தோலைப் போட, அனுப்பாமல் கிடந்த அந்த அறிவிக்கையைத்தான் விரித்தோம். நான் எழுதிய அறிவிக்கைகளுள் இரு தரப்பாரையும் மனம் நோகச் செய்யாதது அது ஒன்றே.