ழ-வின் வால்

டிக்கெட் கைக்கு வந்ததும் உண்ணாமலை டீச்சர் உட்கார இடம் பார்க்கமாட்டார். ‘ழ’ எங்கே என்று பார்ப்பார். ‘போக்குவரத்துக் கழகம்’ என்ற வரியில் அது உட்கார்ந்திருக்கும். வால் முழுசாக இருந்துவிட்டால் போதும், அரியலூரிலிருந்து பெரம்பலூர் வரை நின்றபடியே சிரித்துக்கொண்டு போவார்!

பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர். அச்சகங்களுக்கு ஈய எழுத்து வார்த்துக் கொடுக்கும் சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு, ‘அ’ முதல் ‘ன’ வரை அத்தனையையும் புதிதாக வரைந்து கொடுத்தவர் அவர்தான் என்பது ஊருக்குத் தெரியாது. கம்பெனி முதலாளி ழ-வில் வந்து நின்றார்.

“வாலைக் குறைங்கம்மா. ஈயம் மெலிசா நீண்டா ஒடஞ்சு போயிடும்.”

“ஒடையாது சார். வாலை வெட்டுனா எனக்கு அந்த எழுத்தே வேணாம்!”

கண்ணீரும் கம்பலையுமாகச் சண்டை போட்டு ஜெயித்துவிட்டார். அன்று பிடித்த பயம்தான் இன்னும் விடவில்லை. உடைந்துவிட்டால்?

முதன்முதலில் அந்த எழுத்தைப் பார்த்தது ஜெயங்கொண்டத்தில், ஒரு கடலைப் பொட்டலத்தில். “ஐயோ, என் ழ!” என்று அலறினார். கடலை விற்ற குஞ்சம்மாள் பதறிப்போனாள். “பூச்சியா டீச்சர்? இப்படிக் குடுங்க, வேற தரேன்.” டீச்சர் பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டார்.

அப்புறம் எங்கே திரும்பினாலும் அதுதான்! சோழபுரத்துத் திருவிழா நோட்டீஸ், ஆலத்தியூர் சிமெண்ட் தொழிலாளர்களின் போஸ்டரில் ‘வாழ்க’, பேதி மருந்தில் ‘குழந்தைகளுக்கு அரை ஸ்பூன்’.

“பேதி மருந்தைப் பாத்துப் பூரிச்சுப் போற பொம்பளை இந்த ஜில்லாவுலயே நீ ஒருத்திதான்” என்பார், லாரி ஆபீஸில் வேலை பார்க்கும் கணவர் நடராசன்.

போன மாதம் வேப்பந்தட்டையில் நடராசனின் சித்தப்பா உத்திராபதி காலமானார். துக்கம் கேட்கப் போன இடத்தில், அவர் மகள் பச்சையம்மாள் கருமாதிப் பத்திரிகைக் கட்டைக் கொண்டுவந்து வைத்தாள். மேல் கார்டைப் பார்த்ததும் டீச்சருக்கு முகம் மலர்ந்தது. அவருடைய எழுத்து! மறு நொடி, ‘ஆழ்ந்த துயரத்துடன்’ என்ற இடத்தில் கண் குத்திட்டது. பாதி வாலைக் காணோம். அடுத்த கார்டு, அதற்கும் அடுத்தது… எல்லாமே மொட்டை.

ஓவென்று அழுதார் பாருங்கள், வீடே திரும்பிப் பார்த்தது!

“எங்கப்பா மேல இம்புட்டுப் பாசமா அண்ணி? நேருல பாத்தா மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போவீங்களே!” பச்சையம்மாள் அவரைக் கட்டிக்கொண்டு, தானும் புதிதாக ஒரு பாட்டம் அழத் தொடங்கினாள்.

நடராசன் மட்டும் குனிந்து காதோரம் கேட்டார்: “ஒடஞ்சிடுச்சா? எந்த எடம்?”

டீச்சரின் விரல் போய் நின்ற இடத்தைப் பார்த்தார். சட்டைப்பையிலிருந்த பேனாவைத் திறந்து நீட்டினார்.

டீச்சர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மேல் கார்டில் வாலை வளைத்து இழுத்துவிட்டார். ஊதிக் காயவைத்தார். பிறகு அடுத்த கார்டை எடுத்தார்.