மாடுகள் பார்க்கும் பலகை

ஃபோனில் தேர்தல் நன்கொடை கேட்கிற கட்டம் வந்ததும் ஆர்டிஸ் டொலெஃப்சன் எழுந்துவிடுகிறார். அதுவரை நாற்காலியில் சாய்ந்தபடி, மறுமுனையில் இருப்பவரின் முட்டிவலி, பேத்தியின் கல்யாணம், மக்காச்சோள விலை என்று எல்லாவற்றையும் விசாரிப்பார். பிறகு எழுந்து, இடது உள்ளங்கையைச் சுவரில் அழுத்திக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்பார். பல வருடங்களாக மாட்டு வைத்தியம் பார்த்த கை அது. பசுவின் பின்னால் போகிறவர் முதலில் அதன் விலாவில் கையை வைக்க வேண்டும். ஆள் எங்கே நிற்கிறார் என்று தெரிந்துவிட்டால் மாடு உதைக்காது. சுவரும் இதுவரை உதைத்ததில்லை. மறுமுனையைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

மூடிப்போன ஒரு செருப்புக்கடையின் பின்னறைதான் அவருடைய செனட் தேர்தல் அலுவலகம். காலுக்குச் செருப்பு பொருந்துகிறதா என்று பார்க்கும் குட்டைக் கண்ணாடி இன்னும் அங்கேயே சாய்ந்து கிடக்கிறது. நாள் முழுக்க ஆர்டிஸ் அதில் தன் ரப்பர் பூட்ஸை மட்டும் பார்க்கிறார். அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில் அவருடைய கட்சிக்காரர் ஜெயித்து நெடுநாள் ஆகிறது. வேறு யாரும் நிற்க முன்வராததால்தான் இவர் நின்றார்.

எங்கே போனாலும் நல்ல வரவேற்பு. தேவாலயத்து நிலவறை விருந்துகளில் தட்டை நிரப்பித் தருகிறார்கள். தந்துவிட்டு, ஒரே பாட்டைப் பாடுகிறார்கள். "நீங்க தங்கமான மனுஷி, டாக்டர். நான் கண்டிப்பா உங்களுக்கு ஓட்டுப் போட்டுடுவேன். மத்தவங்கதான் போட மாட்டாங்க."

காரில் திரும்பும்போது ஆர்டிஸ் தன் பிரச்சார மேலாளர் ரோண்டாவிடம் சொல்வார்: "இந்த மாநிலத்துல எல்லாரும் நம்ம பக்கம்தான். அந்த 'மத்தவங்க' யாருன்னுதான் தெரியல. விலாசம் கிடைச்சா நேர்லயே போய்ப் பேசிடலாம்."

காசோலைகளும் அந்த 'மத்தவங்க'ளுக்குப் பயந்தே வருகின்றன. இருநூறு டாலருக்கு மேல் கொடுத்தால், சட்டப்படி கொடுத்தவர் பெயர் ஊரறிய வெளியாகும். அதனால் எல்லோரும் நூற்றுத் தொண்ணூற்றொன்பதுதான் எழுதுகிறார்கள். "தைரியத்துக்கு ஒரு டாலர் குறையுது," என்பார் ரோண்டா.

அன்று காலை வாஷிங்டனிலிருந்து மெரிக் அழைத்தார். கட்சித் தலைமையில் பணத்தைப் பங்கு வைப்பவர்களில் ஒருவர்.

"நேராவே சொல்லிடறேன், ஆர்டிஸ். டிவி விளம்பரத்துக்கு நாங்க காசு போடணும்னா, ஜெயிக்க வாய்ப்பிருக்குன்னு ஏதாவது தெரியணும். எங்க ஆளு போன வாரம் உங்க ஊர்ப்பக்கம் கார்ல சுத்திட்டு வந்தான். ரோட்டோரம் உங்க பேர் போட்ட பிரச்சாரப் பலகை ஒண்ணுகூட இல்லையாமே?"

"ஊர்க்காரங்க எல்லாரும் ஆளுக்கொண்ணு கேட்டு எடுத்துட்டுத்தான் போனாங்க."

"எடுத்துட்டுப் போய் எங்க வெச்சாங்க?"

ஆர்டிஸ் கண்ணாடியிலிருந்த பூட்ஸைப் பார்த்தார்.

"பெரிய பண்ணை ஒண்ணு, மெயின் ரோட்டைப் பார்த்து உங்க பலகையோட நிக்கிற மாதிரி ஒரு போட்டோ அனுப்புங்க. வெள்ளிக்கிழமை கூட்டத்துல பேசிப் பாக்கறேன். அதுக்கப்புறம் காசு வேற மாநிலத்துக்குப் போயிடும்."

ஃபோனை வைத்ததும் இன்னொரு அழைப்பு. வெர்லின் கூஸ்ட்ரா. கன்று வெளியே வராமல் மாடு தவிக்கிறதாம். நெடுஞ்சாலையை ஒட்டிய பால்பண்ணை அவருடையது. அவர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்று அந்த வட்டாரமே கவனிக்கும்.

"இன்னும் பேச வேண்டியவங்க பாக்கி இருக்காங்களே, டாக்டர்," என்றார் ரோண்டா.

"அவங்க நாளைக்கும் இருப்பாங்க. கன்னு இருக்காது." கிளம்பும்போது ஒரு புதுப் பலகையையும் வண்டியில் போட்டுக்கொண்டார்.

கன்றின் முன்னங்கால் ஒன்று உள்ளே மடங்கியிருந்தது. தோள்வரை கையை விட்டு, அதை நிமிர்த்தி, சங்கிலி மாட்டி, இருவருமாக இழுத்தார்கள். வைக்கோலில் விழுந்த கன்று தும்மியது. கை கழுவும்போதுதான் ஆர்டிஸ் நிமிர்ந்து பார்த்தார். பால் கறக்கும் இடத்துத் தூணில் அவருடைய பலகை. 'டொலெஃப்சன், செனட்டுக்கு.' மாடுகளைப் பார்த்தபடி.

"இங்கயா மாட்டியிருக்கீங்க?"

"பின்ன, தூக்கியா போட்டேன்? தினம் ரெண்டு வேளை பாக்கறேன்ல."

"மாடுங்களுக்கு ஓட்டு கிடையாது, வெர்லின்."

"இருந்திருந்தா நீங்க எப்பவோ ஜெயிச்சிருப்பீங்க, டாக்டரம்மா!"

இருவரும் சிரித்தார்கள். பிறகு ஆர்டிஸ் பசுவின் விலாவில் இடது கையை வைத்தார்.

"வண்டியில புதுசு ஒண்ணு இருக்கு. ரோட்டைப் பாத்து வைங்களேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் போதும்."

வெர்லின் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"பால் லாரிக்காரன், சர்ச்சுக்காரங்க, தீவனக் கடை வெச்சிருக்கிற என் மச்சான், எல்லாரும் அந்த ரோட்லதான் போறாங்க. நீங்க ஜெயிக்கிற மாதிரி இருந்தா பரவாயில்ல. தோத்துட்டா நீங்க பாட்டுக்கு உங்க வேலையப் பாப்பீங்க. நான் இவங்களோட உக்காந்து காபி குடிக்கணும். என் மச்சான் இருக்கானே, அவன் கேலி பண்ணியே கொன்னுடுவான்."

அந்த மச்சானின் கிடங்கில், மூட்டைகளுக்குப் பின்னால் இதே பலகை சாய்ந்திருந்ததை ஆர்டிஸ் போன வாரம்தான் பார்த்திருந்தார். பால் லாரிக்காரர் வீட்டுக் குதிரைக் கொட்டிலிலும் ஒன்று உண்டு. அந்த வட்டாரத்தின் எல்லாக் கொட்டகைகளுக்குள்ளும் போய்வருகிற ஒரே ஆள் மாட்டு வைத்தியரான ஆர்டிஸ்தான். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க டாக்டர், முக்கியமா வெர்லின்கிட்ட," என்று மச்சான் கையைப் பிடித்துக் கேட்டிருந்தார். சரி என்று ஆர்டிஸும் வாக்குக் கொடுத்திருந்தார்.

விலாவில் வைத்த கையால் பசுவைத் தட்டிக்கொடுத்தார்.

"செக் வேணா தர்றேன்," என்றார் வெர்லின். "நூத்துத் தொண்ணூத்தொம்பது."

"தாங்க."

காசோலை எழுத அவர் வீட்டுக்குள் போனார். ஆர்டிஸ் பசுவின் விலாவிலிருந்து கையை எடுத்தார். பலகையில் தன் பெயர் மேல் சாணி தெறித்துக் காய்ந்திருந்தது. சட்டைக் கை நுனியை எச்சிலில் நனைத்து அதைத் துடைத்தார். ஒரு பக்கம் சரிந்திருந்த பலகையை, மாடுகளுக்கு நேராக நிமிர்த்தி வைத்தார்.