மதாம் தெனிஸ் வீட்டுத் தண்ணீர்க் கொப்பி

மதாம் தெனிஸ் வீட்டில் குடிக்கிற தண்ணீரை யாரும் சோதிப்பதில்லை. பைப்பைத் திறந்து கிளாசில் பிடித்து மடக்கென்று குடித்துவிடுவார். ஆனால் நிலவறையில் நிற்கும் நான்கு செடிகளுக்கு அதே தண்ணீரை ஊற்றுவதென்றால், நாங்கள் இருவரும் வாளியின் முன்னால் பூசைக்கு நிற்பதுபோல் நிற்க வேண்டும். முதலில் சத்து மருந்துகளை அளந்து கலக்க வேண்டும். பிறகு தண்ணீரின் புளிப்பை அளக்கும் பேனை மாதிரியான ஒரு கருவியை அமிழ்த்தி, அதில் ஓடும் எண் நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். மொன்றியல் பைப் தண்ணீர் எட்டுக்குக் கிட்ட நிற்கும். செடிக்கு அது ஆகாதாம். ஆறுக்குச் சற்றுக் கீழே இறங்கும்வரை ஒரு புளிப்பு மருந்தைத் துளித்துளியாக விட வேண்டும். ஒரு துளி கூடினாலும் மதாமின் புருவம் ஏறிவிடும். எனக்கு இரத்த அழுத்தம் இருக்கிறது. அதை இவ்வளவு கவனமாக அளந்து பார்க்க இந்த நகரத்தில் எனக்கு ஒருவரும் இல்லை.

செடியின் பெயரைச் சொன்னால் ஊரில் இருக்கும் நீங்கள் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொள்வீர்கள். கஞ்சா. நானும் முதல் நாள் போட்டேன். இரண்டாயிரம் பிறந்து ஆறேழு வருடம் ஆகியிருந்த காலம் அது. மதாமுக்கு நரம்பு நோய். கால்கள் இறுகிப்போய் இரவில் தூங்க முடியாது. மாத்திரை போட்டால் வாந்தி. இந்தச் செடியைப் பாவித்தால் மட்டும்தான் தூங்குவார். வீட்டில் வளர்த்துக்கொள்ள ஒட்டாவாவிலிருந்து அரசாங்கம் அனுமதி கொடுத்திருந்தது. அந்தக் கடிதத்தைச் சட்டம் போட்டு நிலவறைச் சுவரில் மாட்டியிருந்தார். எங்கள் வீடுகளில் திரு இருதயப் படம் தொங்கும் உயரத்தில் அது தொங்கியது.

நான் செயின்ட்-மிஷேலிலிருந்து மெற்றோ, இரண்டு பஸ் என்று மாறி இல்-பிசார் தீவுக்கு வீடு துப்பரவாக்கப் போனவள். கணவர் போய்விட்டார். மகள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் புரோசார்ட்டில் இருக்கிறாள். பேரப்பிள்ளைகள் தொலைபேசியில் "பொன்ஜூர்" என்பார்கள், பிறகு மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். மதாமின் கை நடுங்கத் தொடங்கியபின் வாளி தூக்குகிற வேலையும் என்னிடம் வந்தது. இருபது லீற்றர் தூக்குவாயா என்று கேட்டார். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துச் சுமந்தவள் நான் என்று இடுப்பைத் தட்டிக் காட்டினேன். எனக்கு இடுப்பில் வருத்தம் என்று விளங்கிக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டார். இருவரும் சிரிக்கவில்லை. ஆனாலும் அன்று நான் ஒருவருடைய வீட்டில் உட்கார்ந்தேன்.

கோயிலில் ஞாயிறு பூசைக்கு வரும் றீற்றா அக்காவுக்கு மட்டும் மூக்குக் கூர்மை.

"என்ன பிள்ளை, உம்மட கோட்டில ஒரு மணம் வருது?"

"மருந்து மணம் அக்கா. வருத்தக்கார அம்மா ஒராளைப் பாக்கிறன்."

பொய் சொல்லவில்லை. உண்மையையும் சொல்லவில்லை. அப்படிக் கதைப்பது எனக்குக் கைவந்த கலை. அதனால்தான் இதை எழுத வேண்டி வந்தது.

அந்தச் செடிகள் மண்ணில் நிற்கவில்லை. தென்னந் தும்புத்தூளில் நின்றன. செங்கல் மாதிரி அமுக்கிய கட்டியாக வரும். தண்ணீரில் போட்டால் ஊதி வாளி நிறையும். உறையில் ஸ்ரீலங்கா என்று அச்சடித்திருந்தது. மதாம் அதைக் கழுவி, சுண்ணாம்புச் சத்துக் கலந்த தண்ணீரில் ஊறவிட்டு, அதன் பிறகே செடி நடுவார். தும்புத்தூள் தன்னிடம் உள்ள உப்பை விட்டுக்கொடுத்து அந்தச் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். வெறும் தண்ணீர் மட்டும் ஊற்றவே கூடாது, அது பிடித்து வைத்ததையெல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும் என்று விரலை ஆட்டிச் சொன்னார். நான் தலையாட்டினேன். கையிலோ ஈரத் தும்பு. எத்தனையோ பேரிடம் கையெழுத்து வாங்கி நான் வந்து சேர்ந்த நாட்டுக்கு இது ஒரு கொள்கலனில் சும்மா வந்து இறங்கியிருக்கிறதே என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மாசியில் மதாம் குளியலறையில் விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போனார். இரண்டு கிழமை. என் கையில் வீட்டுப் பூட்டின் திறப்பையும் தண்ணீர்க் கொப்பியையும் தந்தார். ஒவ்வொரு நாளும் அந்தப் பேனைக் கருவி காட்டும் எண்ணை அதில் எழுத வேண்டும். "இந்த நான்கும் போனால் கோடைவரை எனக்குத் தூக்கமில்லை, மரி" என்றார். மரியபுஷ்பம் என்ற என் பெயரில் பாதியைத்தான் அவர் வாய் ஏற்றுக்கொண்டது. ஆனாலும் அவ்வளவு பெரிய காரியத்தை இந்த நாட்டில் யாரும் என்னிடம் ஒப்படைத்ததில்லை.

முதல் நாளே கெடுத்தேன். பேனையின் மூடிக்குள் ஏதோ கொஞ்சம் நீர் தேங்கிக் கிடந்தது. ஊத்தை என்று நினைத்து ஊற்றிவிட்டு, முனையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, துணியால் துடைத்து, கரண்டிகளோடு மேசையின் இழுக்கிற லாச்சியில் வைத்தேன். அந்த முனை காயவே கூடாது என்று பிரெஞ்சில் எழுதி ஒட்டியிருந்தாராம். மூன்றாம் நாள் பேனை நான்கு என்றது, ஒன்பது என்றது, பிறகு நான்கு என்றது. அதே நேரம் சாடிகளின் விளிம்பில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு.

மன்னார்க்காரிக்கு உப்பைப் பற்றி யாரும் படிப்பிக்க வேண்டியதில்லை. சண்டையில் இடம்பெயர்ந்து போன இடமெல்லாம் அம்மா முதலில் கிணற்றுத் தண்ணீரைத்தான் வாயில் விட்டுப் பார்ப்பார். நல்ல தண்ணீர் என்றால் மூட்டையை இறக்குவோம். உவர் என்றால் திரும்பவும் நடப்போம். ஒருமுறை உவர் நிலத்தில் தங்க வேண்டி வந்தது. தூரத்துக் கிணற்றிலிருந்து நல்ல தண்ணீர் சுமந்து வந்து ஊற்றி ஊற்றி, உப்பைக் கீழே இறக்கி, பத்து மிளகாய்க் கன்றைக் காப்பாற்றினோம். அந்த மிளகாயைச் சாப்பிடுமுன் அங்கிருந்தும் ஓடினோம் என்பது வேறு கதை. என் நாக்கு பிழைவிட்டதில்லை. பைத்தியம் பிடித்த அந்தப் பேனையைவிட நாக்கை நம்பினேன்.

ஒவ்வொரு சாடிக்கும் நாளுக்கு இரண்டு வாளி, மருந்தில்லாத வெறும் தண்ணீர். மதாம் விரலை ஆட்டிச் சொன்னது என் காதில் நின்றிருக்கவில்லை. கீழே வடிவதை நாக்கில் வைத்துப் பார்த்தேன். நாளுக்கு நாள் உப்புக் குறைந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு கிழமையில் குருத்திலைகள் வெளிறின. பிறகு மஞ்சளாகின. பழைய இலைகளில் துரு நிறப் புள்ளி விழுந்தது. இன்னும் உப்பு இருக்கிறதாக்கும் என்று இன்னும் ஊற்றினேன். கழுவக் கழுவச் செடி பட்டினி கிடந்தது என்று பிறகுதான் தெரிந்தது.

மதாம் தினமும் ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்தார். "எல்லாம் நல்லம்" என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். படுக்கையில் கிடப்பவரிடம் கெட்ட செய்தி சொல்வது எங்கள் வழக்கமில்லை. மன்னாரிலிருந்து தங்கச்சி தொலைபேசியில் சொல்வதும் இதுதான். "எல்லாம் நல்லம் அக்கா, நீங்கள் யோசியாதேங்கோ" என்பாள். பின்னால் ஷெல் சத்தம் கேட்கும். அது இடி என்பாள். நான் நம்பியதாகக் காட்டிக்கொள்வேன். அந்தப் பழக்கத்தில் கொப்பியிலும் பதினான்கு நாளும் 5.8, 5.8 என்று மதாமுக்குப் பிடித்த எண்ணையே எழுதிவிட்டேன்.

அவர் வந்த அன்று ஒவ்வொரு படியாக இறங்கி நிலவறைக்குப் போனார். இரண்டு செடிகள் தலை தொங்கி நின்றன. மற்ற இரண்டிலும் உயிர் இருந்தது, பசுமை இல்லை. மதாம் கொப்பியைத் திறந்து விரலை எண்களின்மேல் ஓட்டினார். எல்லாம் ஒழுங்கு. கொப்பியை அவர் சந்தேகிக்கவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. அலமாரியில் கிடந்த தும்புக் கட்டியின் உறையை எடுத்து என்னிடம் காட்டினார்.

"இது உன் நாட்டிலிருந்து வந்தது, இல்லையா? ஒழுங்காகக் கழுவவில்லை. உப்போடு அனுப்பியிருக்கிறார்கள். அங்கே எல்லாம் அப்படித்தான் போல."

தும்பு விற்ற கடையிடம் முறையிடத் தொலைபேசி எடுத்தார். மணி அடித்தது. எனக்கு முதலில் வந்தது நிம்மதி, அதை மறைக்க மாட்டேன். பழியைச் சுமக்கத் தும்புத்தூள் இருந்தது. அதற்கு வாயில்லை. நான் திறப்போடும் நல்ல பெயரோடும் பஸ் ஏறியிருக்கலாம். அந்த நாட்டுக்காக நான் வருத்தப்பட வேண்டிய அவசியமும் இல்லை. அது எனக்குச் செய்ததையெல்லாம் இதே நகரத்தில் ஓர் அகதி விசாரணை அறையில் உட்கார்ந்து, ஒன்றுவிடாமல், அழுது அழுது சொல்லித்தான் இங்கே இருக்க உரிமை வாங்கினேன். ஆனால் "அங்கே எல்லாம் அப்படித்தான்" என்றது எனக்குப் பொறுக்கவில்லை. நான் சொல்லலாம். அவர் சொல்லக்கூடாது. மறுமுனையில் கடைக்காரர் "அலோ" என்றார்.

"செ பா லெ கொக்கோ, மதாம்" என்றேன். குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "தும்பில் பிழையில்லை. செ முவா. நான்தான்."

மதாம் தொலைபேசியை வைத்தார். எனக்குத் தெரிந்த சொற்களாலும் தெரியாத இடத்தில் கைகளாலும் எல்லாவற்றையும் சொன்னேன். துடைத்த பேனை, வெறும் தண்ணீர், நாக்கு, 5.8. அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கதிரையில் உட்கார்ந்து தன் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். "இரண்டு போய்விடும். மற்றதும் போதாது. திரும்பவும் மாத்திரைதான்" என்றார். அவருக்கு அழுகை வந்தது. நான் திறப்பை எடுத்து மேசையில் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை. கொப்பியைத்தான் என் பக்கம் தள்ளினார்.

"பொய்யை வெட்டு. உண்மையை எழுது."

பதினான்கு 5.8ஐயும் கோடு போட்டு வெட்டினேன். உண்மை என்ன எண் என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது என்று பிரெஞ்சில் சொல்ல வரும், எழுத வராது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் தமிழில் 'தெரியாது' என்று எழுதினேன். மதாம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த எழுத்துகளைப் பார்த்தார். என்ன எழுதியிருக்கிறாய் என்று கேட்டார். சொன்னேன். அப்படியே இருக்கட்டும் என்றார். மேலே அவருடைய பிரெஞ்சு, கீழே பதினான்கு தரம் என் தமிழ். அந்தத் தீவில் அதை வாசிக்க என்னைத் தவிர ஒருவரும் இல்லை. அதற்கும் கீழே நடுங்கும் கையால் மறுநாள் திகதியைப் பிரெஞ்சில் எழுதி, எண்ணுக்கான இடத்தை வெறுமையாக விட்டு, கொப்பியைத் திரும்ப என்னிடம் தந்தார்.