படித்ததை எழுதியவள்

வீட்டில் அவளை டேப் ரிக்கார்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தால் போதும், வார்த்தை பிசகாமல் ஒப்பிப்பாள். நர்சிங் படிப்பு முழுக்க அப்படித்தான் முதல் ரேங்க். அந்த மார்க்கைக் காட்டித்தான் வெளிநாட்டில் மேல்படிப்புக்கும் இடம் வாங்கினாள்.

இங்கே வகுப்பில் காலூன்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. முதல் நாள் பேராசிரியர் உள்ளே வந்ததும் எழுந்து நின்றாள். நின்றது அவள் ஒருத்திதான். வெளியே போகத்தான் எழுந்திருக்கிறாள் என்று நினைத்து அவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். வேறு வழியில்லாமல் கழிப்பறை வரைக்கும் போய்விட்டு வந்தாள். பேராசிரியரைப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டுமாம். நாக்கு எழவில்லை. அதனால் கேள்வியே கேட்கவில்லை. மற்றவர்கள் காலை நீட்டிக்கொண்டு தங்களுக்குத் தோன்றியதையெல்லாம் பேசினார்கள். அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. சொல்வதை எழுதிக்கொள்ளலாம் என்றால், அந்த மனிதர் எதையும் முடிவாகச் சொல்லித் தொலைக்கவில்லை. மூன்று வேளையும் ரொட்டியும் ஜாமும் தின்று முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. பரீட்சை வரட்டும், அப்போது பார்க்கலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

பரீட்சையில் படுக்கைப் புண்ணைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். பாடப்புத்தகம் அப்படியே கண்முன் விரிந்தது. கணினியில் மூச்சுவிடாமல் தட்டிவிட்டு வந்து, அன்றுதான் சோறு வடித்து வயிறாரச் சாப்பிட்டாள்.

அடுத்த வாரம் விசாரணைக்கு வரச் சொல்லிவிட்டார்கள்.

அறையில் கூட இருந்த சீனியர் அக்கா, வேலைக்குப் போடும் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். "பிட் அடிச்சியாடி?"

"நான் போய் பிட் அடிப்பேனாக்கா?"

"பின்ன, உனக்கு மாலை போடவா கூப்பிடறாங்க?"

"புத்தகத்துல இருக்கறத அப்படியே எழுதினேன்."

"அப்படியேன்னா?"

"அப்படியேதான். ஒரு வார்த்தை மாறல."

அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "அடிப்பாவி. இங்க அதுக்குப் பேரு திருட்டு."

"எல்லார் கையிலயும் இருக்கற புத்தகம்க்கா. அதுல போய் என்னத்த திருடறது?"

"என்கிட்ட நல்லா பேசு. அங்க போய் ஊமை மாதிரி நில்லு."

விசாரணை அறையில் மூன்று பேர் இருந்தார்கள். சீட்டை எங்கே மறைத்து வைத்திருந்தாய் என்று கேட்டார்கள். சீட்டே இல்லை, மனப்பாடம் என்றாள். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்படியானால் சொல் என்றார்கள்.

சொன்னாள். நடுவில் இருந்த அம்மாள் புத்தகத்தில் விரலை ஓட்டிக்கொண்டே வந்தார். பக்கம் முடிந்தது, திருப்பினார். படத்துக்கு அடியில் இருந்த வரியைக்கூட அவள் விடவில்லை. அவர் மெதுவாகப் புத்தகத்தை மூடினார். அவர் முகத்தில் கோபம் இல்லை, இரக்கம்தான் இருந்தது.

"நீ ஏமாத்தலன்னு ஒத்துக்கறோம். ஆனா இது அவங்க எழுதினது. நீ எழுதினது எங்க?"

இன்னொரு பரீட்சை வைப்போம், அதிலும் தவறினால் படிப்பை விட்டுப் போக வேண்டியதுதான் என்று முடித்துவிட்டார்கள்.

அந்தப் பரீட்சையில் ஒரே கேள்வி. படுத்த படுக்கையாக ஒரு கிழவர். பேச்சு கிடையாது. புரட்டிப் படுக்க வைத்தால் அழுகிறார். அவரைத் தொடாதே என்கிறாள் மகள். நீ என்ன செய்வாய், ஏன்?

முதல் வரியை எழுதினாள். அது புத்தகத்து வரி. அழித்தாள். அடுத்தது புத்தகத்து வரியா தன்னுடையதா என்று அவளுக்கே தெரியவில்லை. அதையும் அழித்தாள். அரிசியில் கல் பொறுக்குவதுபோல் பொறுக்கிக்கொண்டே இருந்ததில் முறத்தில் ஒன்றும் மிஞ்சவில்லை. கடைசியில், 'அவர் எதற்கு அழுகிறார் என்று மகளிடம் கேட்பேன்' என்று ஒரு வரி வந்தது. அது அவளுடையதுதான். அதற்கு மேல் என்ன செய்வாள் என்று எவ்வளவு யோசித்தும் வரவில்லை. நேரம் முடிந்து திரை தானாக மூடிக்கொண்டது.

முடிவு வந்த அன்று அப்பாவே கூப்பிட்டார்.

"ரிசல்ட் என்னம்மா ஆச்சு?"

"ஃபெயில்ப்பா. இனிமே இங்க படிக்க முடியாது."

அவர் சிரித்தார். "நீயா? எவன் பேப்பரையோ உன் பேர்ல திருத்தியிருப்பானுங்க. மறுகூட்டல் போடும்மா."

"அதெல்லாம் இல்லப்பா. நான்தான் சரியா எழுதல."

"ஏன், படிக்கலையா?"

"படிச்சேன்."

"அப்புறம் என்ன? படிச்சத எழுத வேண்டியதுதானே?"

சீனியர் அக்கா அலமாரி மேலிருந்த பெட்டியை இறக்கித் தூசு தட்டிக்கொண்டிருந்தாள். எங்கிருந்து தொடங்கி அப்பாவுக்கு விளக்குவது என்று இவளுக்குப் புரியவில்லை.

"மறந்துபோச்சுப்பா."

அவர் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு அம்மாவிடம் சொல்வது கேட்டது. "பொண்ணுக்கு உடம்பு என்னமோ சரியில்ல போலிருக்கு. மறந்துபோச்சுங்கறா."