அண்ணியின் ஜாடியில் இருந்த மாவு

எழுபதுகளின் தொடக்கத்தில் செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்கு அருகே அண்ணனும் அண்ணியும் நானும் ஒரு பேக்கரி நடத்தினோம். மாவு உப்புவதற்கு அண்ணன் நம்பியிருந்தது கள்ளைத்தான். காலையில் இறக்கிய கள்ளை மைதாவில் ஊற்றிப் பிசைந்து ஈரத்துணியால் மூடிவைத்தால், சாயங்காலத்துக்குள் மாவு தொட்டியை விட்டு வழியும். அந்த லேசான புளிப்பு வாசனைக்காகவே, மாமல்லபுரம் பக்கமிருந்து மீன் கொண்டுவருபவர்கள் எங்கள் பன்னைத் தேடி வருவார்கள்.

பிறகு மதுவிலக்கு வந்து கள்ளுக்கடைகளை மூடிவிட்டார்கள். அண்ணன் மெட்ராஸிலிருந்து ஈஸ்ட் வரவழைத்தார். சோப்புக் கட்டி மாதிரி, சந்தன நிறத்தில் இருக்கும். சித்திரை வெயிலில் ரயிலில் வந்து சேர்வதற்குள் கொழகொழத்து நாறிவிட்டது. அதைப் போட்டுப் பிசைந்த மாவு அசையவே இல்லை. கல்லாக வெந்த பன்களை எருமைக்குப் போட்டோம்.

“அதுல உயிரே செத்துப் போச்சு,” என்றார் அண்ணன். “கடைய மூடிட்டு மெட்ராஸ்ல எங்கனா வேலைக்குப் போவ வேண்டியதுதான்.”

அண்ணி உள்ளே போய் ஓர் ஊறுகாய் ஜாடியை எடுத்து வந்தார்.

“கடைசியா கள்ளு ஊத்திப் பெசஞ்ச மாவுல ஒரு உருண்ட எடுத்து வெச்சேன், ஆப்பத்துக்கு. தெனம் கொஞ்சம் மாவும் தண்ணியும் போட்டுகினு கீறேன். பாருங்க, இன்னும் பொங்கிகினு கீது.”

அண்ணன் முகர்ந்து பார்த்தார். வெகுநாளைக்குப் பிறகு சிரித்தார். “ஊரே கள்ளுக்கடைய மூடிட்ச்சு, நீ வூட்லயே நடத்திகினு கீறியா?”

ஜாடி மாவைச் சேர்த்துப் பிசைந்த முதல் தடவை பன்னில் புளிப்பு தூக்கலாகிவிட்டது. அடுத்து அண்ணன் உருண்டையின் அளவைக் குறைத்து, சர்க்கரை சேர்த்து, ராத்திரி முழுக்க ஊறவிட்டார். விடியும்போது தொட்டியை மூடியிருந்த துணி பானை வயிறு போல உப்பியிருந்தது. கள்ளில் இருந்ததும் அந்த மெட்ராஸ் கட்டியில் இருந்ததும் ஒரே வகை நுண்ணுயிர்தான் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. அன்று எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், மாவு உயிரோடு இருக்கிறது என்பது மட்டும்தான்.

அன்று வந்த மீன்காரர் ஒருவர் பன்னைக் கடித்துவிட்டு, கடையே கேட்கும்படி கத்தினார்:

“இன்னா அண்ணாத்த, கள்ளுக்கடைய தொறந்துட்டாங்களா?”

“மெதுவா பேசு நைனா, போலீஸ் வந்துறப்போவுது!” என்று அண்ணன் பதறியதில் எல்லோரும் சிரித்துவிட்டோம்.

கூட்டம் குறைந்ததும் அண்ணன் சூடான பன் ஒன்றைப் பிளந்து, வெண்ணெய் தடவி, அண்ணியிடம் நீட்டினார். எல்லோரும் சாப்பிட்ட பிறகே சாப்பிட்டுப் பழகிய அண்ணி, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அதை வாங்கி, அடுப்படியில் உட்கார்ந்து மெதுவாகச் சாப்பிட்டார்.