அண்ணன் சட்டைப் பையில் பச்சை மாத்திரை

மதினி அந்தப் பொட்டலத்தை என் கையில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். துவைக்க எடுத்த அண்ணன் சட்டையில் இருந்ததாம். ஒரு எழுத்துகூட அச்சடிக்காத பிளாஸ்டிக் உறை. உள்ளே பச்சை நிறத்தில் ஆறேழு கேப்ஸ்யூல்.

“இது என்னன்னு பாருங்க தம்பி. எனக்குத் தெரியாம முழுங்குறாரு. மறுநாள் காலைல மூஞ்சி செவந்து கெடக்கு, தலைவலிங்குறாரு. யாருக்காக முழுங்குறாருன்னும் எனக்குத் தெரியணும்ல?”

அண்ணன் செல்லூரில் விசைத்தறி ஓட்டுகிறார். என்னைவிடப் பதினோரு வயது மூத்தவர். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவன் நான். கோச்சடையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. வீட்டுக்குள் வருகிற எந்தக் காகிதமானாலும் வாசித்துச் சொல்வது என் பொறுப்பு. இதில் வாசிக்க எதுவுமே இல்லை. அதுதான் எனக்கு முதல் சந்தேகம்.

அண்ணனிடம் நேராகக் கேட்க முடியாது. இந்த மாதிரி அந்தரங்கப் பேச்சு எங்களுக்குள் மாமன் மச்சினனோடு சரி. அண்ணனும் தம்பியும் பேசினால் இருவருக்கும் அசிங்கம். அதனால் அண்ணனோடு தறி ஓட்டும் அத்தை மகனைப் பிடித்தேன். பொட்டலத்தைப் பார்த்ததும் மச்சான் விழுந்து விழுந்து சிரித்தார்.

“ஆரப்பாளையம் லாட்ஜுல ஒரு வைத்தியர் மாசம் ரெண்டு நாள் ரூம் போடுவாரு மாப்ள. மூலிகை. ஆம்பளைகளுக்கு. நீ எதுக்குக் கேக்குற, கல்யாணத்துக்கு முன்னாடியே ஸ்டாக் வைக்கிறியா?”

அடுத்த முறை வைத்தியர் வந்தபோது நானே நோயாளியாகப் போனேன். மாடி வராண்டாவில் நாற்காலி போட்டிருந்தார்கள். உட்கார்ந்திருந்த யாரும் யாரையும் பார்க்கவில்லை. எல்லோரும் செல்போனுக்குள் தலையை விட்டிருந்தார்கள். பக்கத்தில் இருந்தவர் மட்டும் போனிலிருந்து கண்ணை எடுக்காமலேயே, “புதுசா தம்பி? கூச்சப்படாதீங்க, எல்லாரும் ஒரே கேஸுதான்” என்றார்.

வைத்தியர் நாடி பிடித்தார். நான் வாயைத் திறப்பதற்குள் நரம்புத் தளர்ச்சி என்று முடிவு செய்துவிட்டார்.

“இதுல என்னென்ன சேர்த்திருக்கீங்கய்யா?”

“அமுக்கரா, பூனைக்காலி, நெருஞ்சி முள்ளு. மிச்சம் குரு சொன்னது, வெளிய சொல்றதில்ல.”

“எத்தன நாள்ல கேக்கும்?”

“நாளா? ஒரு மணி நேரம் தம்பி.”

“பிரஷர் மாத்திரை சாப்பிடுறவங்க சாப்பிடலாமா?”

அவர் என் மணிக்கட்டை விட்டுவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். “உங்க வயசுக்கு என்ன பிரஷரு? மூலிகைக்கு ஏது பக்கவிளைவு?”

பரிசோதனை நிலையத்துக்குத் திரும்பி, மதினி கொடுத்ததில் ஒன்றைப் பிரித்துக் கொட்டினேன். பழுப்புப் பொடி. அதற்குள் அங்கங்கே வெள்ளையாக ஏதோ. அது என்னவென்று கண்டுபிடிக்கும் வசதி எங்களிடம் இல்லை. ஆனால் ஒரு மணி நேரத்தில் வேலை செய்து, மறுநாள் முகத்தைச் சிவக்க வைக்கும் வேரையும் முள்ளையும் நான் கேள்விப்பட்டதில்லை. இங்கிலீஷ் மருந்தைக் கலந்திருக்கிறார்கள் என்றுதான் தோன்றியது. பிரஷர்காரருக்கு அது என்ன செய்யுமோ என்று மீதியைப் பத்திரமாக எடுத்து வைத்தேன்.

மச்சானை வைத்துத்தான் பேசவேண்டியிருந்தது. மூன்று பேரும் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம், மச்சான் நடுவில்.

“மச்சான், அண்ணனை அந்த மாத்திரையை நிறுத்தச் சொல்லுங்க. ரெண்டு மருந்தும் சேர்ந்தா ஆபத்து.”

அண்ணன் டீயைப் பார்த்துக்கொண்டே பேசினார். “ரெண்டு எங்க இருக்குன்னு கேளு மச்சான். பிரஷர் மாத்திரையைத்தான் நிறுத்தியாச்சே.”

“எதுக்கு நிறுத்துனாராம்?” என்றேன்.

“அவன்தானே வாசிச்சான்! மாத்திரை டப்பாவுக்குள்ள இருந்த சீட்டை. தாம்பத்தியத்துல நாட்டம் கொறையலாம்னு போட்டிருக்குன்னு படிச்சுக் காட்டுனான்ல. எனக்கு அன்னையில இருந்துதான் கொறஞ்சுச்சு.”

மச்சான் சிரிக்கவில்லை.

எனக்கு நினைவு வந்தது. புது மாத்திரை வாங்கி வந்த அன்று அந்தச் சீட்டைப் பரீட்சைக்குப் படிப்பதுபோல ஒரு வரி விடாமல் தமிழில் சொன்னேன். எல்லாருக்கும் எல்லாமும் வந்துவிடாது என்று சேர்த்துச் சொல்லத் தோன்றவில்லை. அதுவரை வைத்தியர் மேல் இருந்த சந்தேகம் என் பக்கம் திரும்பியது. பிரஷர் மாத்திரைதான் அண்ணனைக் கெடுத்ததா, நான் வாசித்ததா?

மறுநாள் அண்ணனை டாக்டரிடம் அழைத்துப்போனேன். மச்சானுக்கு லீவு கிடைக்கவில்லை. கைப்பட்டையைக் கட்டி அளந்த டாக்டர் மறுபடியும் ஒருமுறை அளந்தார். “மாத்திரையை ஏன் விட்டீங்க?” அண்ணன் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். நடுவில் உட்கார இன்று ஆள் இல்லை. நான் எழுந்து வெளியே போகப் பார்த்தேன்.

“இரு,” என்றார் அண்ணன். பிறகு காலண்டரைப் பார்த்தபடியே, எனக்கு முன்னால், எல்லாவற்றையும் சொன்னார்.

டாக்டர் திட்டவில்லை. பிரஷர் கூடினாலே இந்தத் தொந்தரவு வரும், மாத்திரையாலும் வரலாம், மாற்றித் தருகிறேன், இனிமேல் நீங்களாக நிறுத்தாதீர்கள் என்றார். நான் கொண்டுபோயிருந்த பச்சை மாத்திரைகளை வாங்கி வைத்துக்கொண்டார்.

பஸ்ஸில் அண்ணன் என்னிடமே கேட்டார்.

“ஒங்க மதினி என்னைச் சந்தேகப்பட்டாளா?”

“ஆமாண்ணே.”

“அம்புட்டுக் கேவலமாவா நெனச்சா?”

செல்லூர் வரும்வரை அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். எங்காவது இன்னொரு பொட்டலம் வைத்திருப்பாரோ என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. இன்றைக்கும் அந்தச் சந்தேகம் முழுதாகப் போகவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும், “ஏ, இங்க வா. ஒண்ணு சொல்லணும்” என்று மதினியை அடுப்படிக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். முதலில் மதினியின் குரல் உயர்ந்தது. அப்புறம் அண்ணன் மட்டும் தாழ்ந்த குரலில் பேசுவது கேட்டது. நான் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.